கடல் சூடேறினால் நம் வயல் மழை என்ன ஆகும்? எல் நினோ ஆண்டில் விவசாயிகள் தெரிந்து செயல்பட வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்ததும் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும். "பசிபிக் கடலின் மேற்பரப்பு நீரின் வெப்பநிலை மற்றும் தென்மண்டல காற்றழுத்தக் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு, நடப்பு ஆண்டின் தென்மேற்குப் பருவமழை கணிக்கப்பட்டுள்ளது" என்று அந்த வரி இருக்கும். கீழே மாவட்ட வாரியாக மழையளவு மில்லி மீட்டரில் இருக்கும். நம்மில் பலரும் நம் மாவட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல்லாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் கடல் சூடானால் நம் ஊர் மழைக்கு என்ன வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் குறுவை நடலாமா, ஆடிப்பட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், சம்பாவுக்கு வடிகால் வெட்டுவதா என்ற முடிவுகளை நிதானமாக எடுக்கலாம். அரைகுறையாகத் தெரிந்தால் நட்டம்தான். அதற்கு நானே ஒரு சாட்சி.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கூட்டத்தில், "இது எல் நினோ ஆண்டு, மழை குறையும், பார்த்துச் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். எந்தப் பருவமழை குறையும் என்று பிரித்துச் சொல்லவில்லை. நவம்பரில் அந்த மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளம் வடிந்து அந்த ஊருக்குப் போனபோது ஒரு பெரியவர், "மழை இருக்காதுன்னு நீங்க சொன்னீங்களேன்னு வடிகால் வாய்க்காலை இந்த வருசம் வெட்டாம விட்டுட்டோம் சார்" என்றார். அழுகிய சம்பாப் பயிரைக் காட்டித்தான் சொன்னார். அன்று நான் பிரித்துச் சொல்லாமல் விட்டதை இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

கடலுக்கும் மழைக்கும் என்ன தொடர்பு?

அடுப்பில் வைத்த தண்ணீர் சூடாகச் சூடாக ஆவி அதிகமாக எழும். கடலும் அப்படித்தான். கடலின் மேல்பரப்பு வெப்பநிலை சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் ஈரக்காற்று வேகமாக மேலே எழுந்து, உயரமான மழை மேகங்களாக மாறுகிறது.

ஓரிடத்தில் காற்று மேலே எழுந்தால் வேறோரிடத்தில் அது கீழே இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே வருவது போல. காற்று மேலே எழும் இடத்தில் மழை பெய்யும். கீழே இறங்கும் இடத்தில் மேகம் கலைந்து வெயில் அடிக்கும். எனவே கடலில் சூடான பகுதி இடம் மாறினால் மழை பெய்யும் இடமும் மழை பொய்க்கும் இடமும் சேர்ந்தே மாறுகின்றன. இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

பசிபிக் கடலில் நடப்பது: எல் நினோவும் லா நினாவும்

பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். அது சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். அதனால் இந்தோனேசியாவை ஒட்டி மழை மேகம் திரளும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்.

சில ஆண்டுகளில் இந்தக் காற்று வலுவிழக்கிறது. மேற்கே குவிந்திருந்த சூடான நீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. மத்திய, கிழக்குப் பசிபிக் பகுதியின் மேற்பரப்பு வெப்பநிலை சராசரியைவிட அரை டிகிரிக்கு மேல் உயர்ந்து, அது பல மாதங்கள் நீடித்தால் அதற்கு எல் நினோ என்று பெயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைப் பார்த்த பெரு நாட்டு மீனவர்கள் வைத்த பெயர் இது. ஸ்பானிய மொழியில் 'சிறுவன்' என்று பொருள். இதற்கு நேர்மாறாக, அதே பகுதி சராசரியைவிடக் குளிர்ந்தால் அது லா நினா, அதாவது 'சிறுமி'.

அரை டிகிரி என்பது நமக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். ஆனால் அது இந்தியாவைவிடப் பெரிய ஒரு கடற்பரப்பு முழுவதும் ஏறும் அரை டிகிரி. மழை மேகக் கூட்டத்தையே பல ஆயிரம் கிலோ மீட்டர் கிழக்கே இழுத்துவிட அது போதும். மேகம் எழும் இடம் கிழக்கே போனால் காற்று இறங்கும் இடம் நம் பக்கம் வருகிறது. இந்தியாவின் மேல் இறங்கும் காற்று, தென்மேற்குப் பருவமழையை அமுக்குகிறது.

செய்திகளில் வரும் தென்மண்டல காற்றழுத்தக் குறியீடும் இதையே வேறு வழியில் அளப்பதுதான். பசிபிக்கின் நடுவே உள்ள தாகித்தி தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு அது. இந்த அழுத்த ஊசலாட்டத்தைக் கண்டு சொன்னவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர். இந்தியாவில் பஞ்சம் வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று தேடியபோதுதான் அவருக்கு இது கிடைத்தது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன 1876-78 பெரும்பஞ்ச காலத்திலும் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது என்று பின்னாளில் தெரிந்தது.

அதற்குப் பிறகும் 1965, 1972, 1982, 1987, 2002, 2009 ஆகிய வறட்சி ஆண்டுகள் எல் நினோ ஆண்டுகளாகவே அமைந்தன. 2009-இல் நாடு முழுவதும் பெய்த தென்மேற்குப் பருவமழை இயல்பில் 78 சதவீதம் மட்டுமே.

நம் பக்கத்துக் கடல்: இந்தியப் பெருங்கடல் இருமுனை

எல் நினோ வந்தாலே வறட்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1997-இல் அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று உருவானது. ஆனால் அந்த ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. அதற்குக் கைகொடுத்தது நம் இந்தியப் பெருங்கடல்.

இந்தியப் பெருங்கடலிலும் ஓர் ஏற்றம் இருக்கிறது. ஒரு முனை ஆப்பிரிக்கக் கரையோரம். மறுமுனை சுமத்திராத் தீவின் ஓரம். ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகி, சுமத்திராப் பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை இருமுனை. அப்போது அரபிக் கடல் வழியே வரும் ஈரம் கூடி, நம் பருவமழைக்கு வலு சேரும். தலைகீழாக நடந்தால் அது எதிர்மறை இருமுனை. மழைக்கு அது பாதகம். இந்த ஏற்ற இறக்கத்தை விஞ்ஞானிகள் தனியாக இனம்கண்டு வெளியிட்டது 1999-இல்தான்.

2019-இல் மிக வலுவான நேர்மறை இருமுனை வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுவதும் மழை மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் கொட்டித் தீர்த்து, பருவ முடிவில் இயல்பைவிட 10 சதவீதம் கூடுதலாக முடிந்தது. ஆகவே எல் நினோ பற்றிய செய்தியைப் படிக்கும்போது, இந்தியப் பெருங்கடல் இருமுனை எப்படி இருக்கிறது என்ற வரியையும் சேர்த்தே படியுங்கள்.

உங்கள் தண்ணீர் எந்த மழையிலிருந்து வருகிறது?

தமிழ்நாட்டு விவசாயிகள் மனதில் பதிய வைக்க வேண்டிய கேள்வி இதுதான். வட மாநிலங்களுக்குச் சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் நம் மாநிலத்துக்குக் கிடைப்பது ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குதான். ஏறத்தாழ பாதி மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. கடல் வெப்பநிலை இந்த இரண்டு பருவங்களையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. நம் விவசாயிகளை இதற்காக மூன்று பிரிவாகப் பார்க்கலாம்.

முதல் பிரிவு, மேற்குத் தொடர்ச்சி மலை மழையை நம்பியவர்கள். மேட்டூர் நீரை நம்பும் காவிரி டெல்டா, முல்லைப் பெரியாறு நீரை நம்பும் கம்பம் பள்ளத்தாக்கு, பாபநாசம் அணையை நம்பும் நெல்லை கார் சாகுபடி, பவானிசாகர் பாசனம் ஆகியவை இதில் சேரும். உங்கள் வயலில் பெய்யும் மழை உங்களுக்கு இரண்டாம் பட்சம்தான். குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் வால்பாறையிலும் பெய்வதுதான் உங்கள் தண்ணீர். எல் நினோ நேரடியாக அடிப்பது உங்களைத்தான்.

இரண்டாம் பிரிவு, தென்மேற்குப் பருவ காலத்தில் மாலை இடிமழையை நம்பும் மானாவாரி விவசாயிகள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்கள் இதில் வரும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. வடக்கே பருவமழை ஓய்ந்து இடைவெளி விடும் நாட்களில்தான் நம் பக்கம் மாலை இடிமழை கூடும். அதனால் எல் நினோ ஆண்டிலும் இந்த மாவட்டங்களில் மழை அளவு ஓரளவு வந்துவிடலாம். ஆனால் சீராக வராது. ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு மூன்று வாரம் எட்டிப் பார்க்காது. ஒரு ஊரில் பெய்யும், பக்கத்து ஊரில் தூசி பறக்கும்.

மூன்றாம் பிரிவு, வடகிழக்குப் பருவமழையை நம்பும் கடலோர மாவட்டங்கள், தென் மாவட்டங்களின் ஏரி, கண்மாய்ப் பாசனம், புரட்டாசிப் பட்ட மானாவாரி. உங்களுக்குக் கணக்கு தலைகீழ். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். 1997, 2015 இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். நேர்மறை இருமுனையும் சேர்ந்துகொண்டால் கனமழைக்கு வாய்ப்பு மேலும் கூடும்.

2023 சொல்லும் பாடம்

ஒரே ஆண்டில் இந்த மூன்றையும் நமக்குக் காட்டியது 2023. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று எல் நினோ உருவாகிவிட்டதாக அமெரிக்க வானிலை அமைப்பு அறிவித்தது. நான்கு நாள் கழித்து ஜூன் 12 அன்று, வழக்கமான தேதியில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் தண்ணீர் நன்றாக வந்திருந்ததால் டெல்டாவில் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை நடவானது.

ஆகஸ்ட் வந்தது. 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். கர்நாடகத்தின் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை குறைந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆண்டுக்கு நமக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி.யில் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கான பங்கு மட்டும் 123.14 டி.எம்.சி. அதிலும் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் 45.95 டி.எம்.சி. எல் நினோ பெரும்பாலும் பருவத்தின் பின்பாதியான ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பலமாக அடிக்கும். நமக்கு அதிகத் தண்ணீர் வர வேண்டிய மாதமும் அதுவே. கடைமடைப் பகுதிகளில் குறுவைக் கதிர் பால் பிடிக்கும் முன்பே காய்ந்தது. அக்டோபர் 10 அன்று மேட்டூர் மூடப்பட்டது. பாதித்த குறுவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. போட்ட முதலுக்கு அது எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்கும் அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குள் பெய்த மழை இயல்பை ஒட்டியே இருந்தது. வயலில் மழை இருந்தும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

அதே எல் நினோ ஆண்டின் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மூழ்கடித்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் பதிவானது. ஒவ்வொரு பெருமழைக்கும் எல் நினோ மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் குறுவையைக் காயவிட்ட ஆண்டு என்பதற்காக, அந்த ஆண்டு முழுவதும் மழை வராது என்று எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எந்தச் செய்தியை எப்போது நம்பலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை: எல் நினோ வரும், வராது என்ற செய்திகளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்த மாதங்களில் பசிபிக் கடல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறிக்கொண்டிருக்கும். எந்தக் கணினிக் கணிப்பும் அப்போது தடுமாறும்.

ஏப்ரல் நடுப்பகுதி: இந்திய வானிலை ஆய்வு மையம் தென்மேற்குப் பருவமழைக்கான முதல் கணிப்பை வெளியிடும். இது முழு நாட்டுக்குமானது. விதை, உரத்துக்குத் திட்டமிட இது போதும்.

மே கடைசி: திருத்திய கணிப்பு வரும். கடலின் போக்கு இதற்குள் ஓரளவு தெளிவாகிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், 'மழை மனிதன்' என்னும் ஆஸ்திரேலியக் கணினி மென்பொருளைக் கொண்டு தயாரிக்கும் மாவட்டவாரிக் கணிப்பையும் பருவத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். குறுவை, ஆடிப்பட்ட முடிவுகளுக்கு உகந்த நேரம் இது.

ஜூலை கடைசி: ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான கணிப்பு வரும். பின்பாதி மழை எப்படி என்பதை இது சொல்லும். இதைத் தவறவிடாதீர்கள்.

செப்டம்பர் கடைசி: வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பு. சம்பா, தாளடி, புரட்டாசிப் பட்டத்துக்கு இதுதான் ஆதாரம்.

வாரந்தோறும்: வியாழக்கிழமைகளில் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அடுத்த ஐந்து நாட்களுக்கான வேளாண் வானிலை அறிக்கையும் வரும். 'மேகதூத்', 'உழவன்' ஆகிய கைபேசிச் செயலிகள் இதற்கு உதவும்.

பருவக் கணிப்பை வைத்து எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்யுங்கள். என்றைக்கு விதைப்பது, என்றைக்கு உரமிடுவது, என்றைக்கு மருந்தடிப்பது என்பதை ஐந்து நாள் அறிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணிப்பில் வரும் சொற்களுக்குப் பொருள்

நாடு முழுவதற்குமான கணிப்பில் 'இயல்பு' என்றால், நீண்டகாலச் சராசரியான 87 சென்டி மீட்டரில் 96 முதல் 104 சதவீதம் வரை. 90-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. மாவட்ட அளவில் கணக்கு வேறு. சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு என்றே குறிக்கப்படும். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை. 60-க்கு மேல் குறைந்தால் கடும் பற்றாக்குறை.

'மழை குறைய 60 சதவீத வாய்ப்பு' என்றால் மழை 60 சதவீதம் குறையும் என்று பொருள் அல்ல. இதே போன்ற பத்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் குறைந்தும், நான்கு ஆண்டுகள் குறையாமலும் போகலாம் என்பதே பொருள்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லி மீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். அது வழிந்தோடாமல் உங்கள் மண்ணில் தங்குகிறதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எல் நினோ ஆண்டில் என்ன செய்யலாம்?

அணைப்பாசன விவசாயிகளுக்கு

1. மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக் குறுவை முடிவை எடுக்காதீர்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுவை செய்யலாம். வாய்க்கால் தண்ணீரை மட்டுமே நம்பும் கடைமடை விவசாயிகள் குறுவைப் பரப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. மீதி நிலத்தில் உளுந்து, எள் போன்ற குறைந்த நீர்ப் பயிர்களையோ பசுந்தாள் உரப் பயிரையோ விதைக்கலாம்.

2. குறுவை செய்வதானால் கோ 51, ஆடுதுறை 53 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்களையே தேர்வு செய்யுங்கள். நடவு தள்ளிப்போகப் போக, பூக்கும் பருவம் செப்டம்பர் தட்டுப்பாட்டில் மாட்டிக்கொள்ளும்.

3. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டி மீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் இதைச் செய்யாமல், வயலில் நீர் நிறுத்த வேண்டும்.

4. பயிர் வாடத் தொடங்கினால் லிட்டருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம். இது தண்ணீருக்கு மாற்று அல்ல. அடுத்த முறைத்தண்ணீர் வரும் வரை பயிர் தாக்குப்பிடிக்க உதவும்.

மானாவாரி விவசாயிகளுக்கு

1. கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுது போடுங்கள். எல் நினோ ஆண்டில் பெய்யும் மழை குறைந்த நாட்களில் கொட்டுவதால், அதை மண்ணுக்குள் இறக்குவதே முதல் வேலை. பண்ணைக்குட்டை இருந்தால் தூர்வாரி வையுங்கள்.

2. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் பழமொழி. பட்டத்தோடு ஈரத்தையும் தேட வேண்டும். ஒரே ஒரு மழையை நம்பி நிலக்கடலையைப் போட்டுவிடாதீர்கள். விதைக்கடலை விலை உங்களுக்குத் தெரியும். நல்ல உழவு மழை பெய்து, அடுத்த ஐந்து நாள் அறிக்கையிலும் மழை வாய்ப்பு இருந்தால் விதையுங்கள்.

3. தனிப்பயிராகப் போடாதீர்கள். நிலக்கடலை ஆறு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை என்று ஊடுபயிராக விதையுங்கள். கடலை பொய்த்தாலும், பிந்தி வரும் மழையில் துவரை எழுந்துகொள்ளும்.

4. சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கி முளைக்கும்.

5. ஆகஸ்ட் பாதி வரை விதைப்பு மழை வராவிட்டால் கடலை ஆசையை விட்டுவிடுங்கள். சாமை, தினை, தட்டைப்பயறு, கொள்ளு என்று குறுகிய காலப் பயிருக்கு மாறுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் ஒரு பங்கு நிலத்தில் தீவனச் சோளம் போடுவது அவசியம். வறட்சி ஆண்டில் வைக்கோல் விலை நெல் விலையோடு போட்டி போடும்.

வடகிழக்குப் பருவமழை விவசாயிகளுக்கு

1. தென்மேற்கு பொய்த்தது என்பதற்காக வடிகால் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பருக்குள் வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாரி முடியுங்கள். 2015-இல் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

2. கடைமடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லையென்றால், புழுதியில் நேரடி நெல் விதைப்பு செய்யலாம். ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். மழை வரும் முன் பயிர் சற்று வளர்ந்துவிட்டால், நவம்பர் மழையில் தலை தூக்கி நிற்கும்.

3. தாழ்வான நிலங்களில் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, நீரில் மூழ்கினாலும் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுங்கள்.

4. வெள்ளம் வடிந்ததும், தூர் கட்டும் பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் செய்துவிடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயி பங்கு காரீஃப் பருவத்தில் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம். குறுவை நெல் அந்த ஆண்டு காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதை நடவுக்கு முன்பே வேளாண் அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பரப்பைக் குறைக்க அதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

லா நினா வந்தால் கவலை இல்லையா?
தென்மேற்குப் பருவமழைக்கு லா நினா பெரும்பாலும் நல்லது. மேட்டூர் நிரம்ப வாய்ப்பு கூடும். ஆனால் வடகிழக்குப் பருவமழையை அது குறைக்கக்கூடும். 2016-இல் பலவீனமான லா நினாவும் எதிர்மறை இருமுனையும் சேர்ந்த ஆண்டில், வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து தமிழகம் கடும் வறட்சியைச் சந்தித்தது. அதற்காக இதையும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010, 2021 இரண்டும் லா நினா ஆண்டுகள்தான். இரண்டிலும் வடகிழக்குப் பருவமழை இயல்பைத் தாண்டியது.

வங்கக் கடல் சூடாக இருந்தாலே புயல் வருமா?
புயல் உருவாகக் கடல் வெப்பம் 26.5 டிகிரிக்கு மேல் வேண்டும். வங்கக் கடலில் அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் அது இருக்கும். ஆனால் மேலடுக்குக் காற்றும் ஒத்துழைத்தால்தான் புயல் உருவாகும். எனவே கடல் சூடு என்பது விறகு மட்டுமே. தீ பற்றுவது வேறு காரணங்களால்.

கோடை மழை நன்றாகப் பெய்தால் பருவமழை குறையும் என்கிறார்களே?
மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை பெரும்பாலும் உள்ளூர் வெப்பத்தால் வருவது. அதை வைத்துப் பருவமழையைக் கணிக்க முடியாது. கிடைத்த ஈரத்தில் கோடை உழவை முடிப்பதே புத்திசாலித்தனம்.

நிறைவாக

எல் நினோ என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் தண்ணீர் எந்த மழையிலிருந்து வருகிறது? இந்தியப் பெருங்கடல் இருமுனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இப்போது நான் எடுக்கும் முடிவு எந்தப் பருவத்துக்கானது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், செய்தியில் வரும் ஒற்றை வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். கடல் சூடாவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் எல்லா நிலத்தையும் ஒரே பயிரில், ஒரே தேதியில், ஒரே தண்ணீரை நம்பிப் போடாமல் இருக்க நம்மால் முடியும்.

உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ற ரகம், விதைப்புத் தேதி, மாற்றுப் பயிர்த் திட்டம் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகிப் பயன்பெறலாம்.